அடகுச் சீட்டும் ஐ.க்யூவும்

எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கும் குழுவில் நானும் ஒருவன். ஆப்டிட்யூட் தேர்வில் கட்-ஆஃபைத் தாண்டாதவர்கள் மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம் என்று போன மாதம் பேச்சு வந்தது. ஒரு வருடம் கழித்து என்றேன். எதிரில் இருந்த மேனேஜர் சிரித்தார். "எதுக்கு பாஸ் ஒரு வருஷம்? மூளை என்ன மொபைலா, அப்டேட் பண்றதுக்கு? ஐ.க்யூ எல்லாம் உயரம் மாதிரி. வந்தது வந்ததுதான்." ஒருமுறை போனால் போனதுதான் என்று முடிவாயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் பதில் தோன்றும் ரகம் நான்.

உயரத்தையே எடுத்துக்கொள்வோம். தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் நூறு ஆண்டில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. நூறு ஆண்டில் மரபணுவா மாறும்? சோறு மாறியது, வாழ்க்கை மாறியது. உவமை சொல்பவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் அவர் தரப்பிலும் ஒரு நல்ல ஆதாரம் உண்டு. அதை மறைத்துவிட்டுச் சண்டை போடுவது அழகில்லை. 1932 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தில் பதினோரு வயதுப் பிள்ளைகள் 87,498 பேருக்கு ஒரே நாளில் ஒரே தேர்வு வைத்தார்கள். அவர்களில் நூற்றுச் சொச்சம் பேரை 66 ஆண்டுகள் கழித்து அபர்தீனில் உட்காரவைத்து, இயன் டியரி குழுவினர் அதே தாளைக் கொடுத்தார்கள். இரண்டு ஸ்கோர்களுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.63. திரும்பி வந்தவர்கள் ஓரளவு நன்றாக எழுதியவர்களாகவே இருந்ததால், அதற்கான திருத்தம் போட்டால் 0.73. சும்மா சொல்லக்கூடாது, பெரிய எண்தான்.

அந்த எண் எதைச் சொல்கிறது என்பதில்தான் எனக்கு வழக்கு. 0.73ஐ வர்க்கப்படுத்தினால் 0.53. அதாவது ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் கிட்டத்தட்ட பாதியைப் பழைய ஸ்கோரால் விளக்க முடியவில்லை. அடுத்து, இங்கே பெரும்பாலும் மாறாமல் இருப்பது வரிசை மட்டும்தான். நம்ம அப்ரைசல் பெல் கர்வ் மாதிரி: மொத்த டீமும் இரண்டு மடங்கு உழைத்தாலும் யாரோ ஒருவர் கடைசி ரேட்டிங் வாங்கித்தான் ஆக வேண்டும். ஐ.க்யூவில் சராசரி எப்போதும் 100, ஏனென்றால் அப்படித்தான் அதை வரையறுத்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி வீதம் ஸ்கோர் ஏறியதை ஜேம்ஸ் ஃப்ளின் காட்டினார். ஏற ஏற, தேர்வைத் தயாரிப்பவர்கள் அளவுகோலை நகர்த்தி மறுபடி 100க்குக் கொண்டுவந்தார்கள். அளவுகோலை இவர்களே நகர்த்திவிட்டு, ஆள் நகரவில்லை என்பது என்ன நியாயம்?

நார்வேயில் கட்டாயக் கல்வியை 7 ஆண்டிலிருந்து 9 ஆண்டாக்கியபோது, எல்லா ஊரிலும் ஒரேயடியாகச் செய்யவில்லை. ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நம்ம பாஷையில் ஸ்டேஜ்டு ரோல்அவுட். பின்னால் ராணுவச் சேர்க்கையில் அந்தப் பையன்களுக்கு வைத்த தேர்வுகளை ஒப்பிட்டார்கள். கூடுதலாகப் படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சுமார் 3.7 ஐ.க்யூ புள்ளிகள். கட்-ஆஃப் பக்கத்தில் நிற்பவனுக்கு அந்த மூன்றே முக்கால் புள்ளி என்னவென்று, கட்-ஆஃப் போடுகிற எனக்குத் தெரியும்.

என்னால் மறக்க முடியாத ஆய்வு நம்ம ஊரில் நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 கரும்பு விவசாயிகள். கரும்புக்காரருக்குப் பணம் மொத்தமாக ஒருமுறைதான் வரும். ஆலை கட்டிங் ஆர்டர் கொடுக்க வேண்டும், வெட்ட வேண்டும், பில் பாஸாக வேண்டும். அதுவரை கடன்தான். அறுவடைக்கு முன்பு பெரும்பாலானவர்கள் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் ரேவன்ஸ் படப் புதிர்களைக் கொடுத்தபோது சராசரியாக 4.35 சரி. பணம் கைக்கு வந்த பிறகு, அதே ஆட்கள், 5.45. ஏற்கெனவே ஒருமுறை எழுதிப் பழகியதால் கூடியிருக்கும் என்பீர்கள். அதற்காகவே 100 பேரைத் தனியாக நிறுத்திவைத்து, அறுவடைக்குப் பிறகு மட்டும் எழுதவைத்தார்கள். முதல்முறை எழுதிய அவர்களும் மற்றவர்கள் அளவுக்கே எழுதினார்கள்.

நான்கே மாத இடைவெளி. அதே மண்டை. நடுவில் மாறியது அடகுக்கடைச் சீட்டு.

இதைப் படித்துவிட்டு, "அது நிஜமான அறிவு இல்லை, கவலையில் கவனம் சிதறியது" என்பார்கள். சரி, இருக்கட்டும். அப்படியானால் தேர்வு அளந்தது எதை? அந்த நாளில் அந்த ஆளிடம் மிச்சமிருந்ததை. எங்கள் கம்பெனித் தேர்வும் அதைத்தான் அளக்கிறது. அளந்ததை ஆயுளுக்கும் அவர் தலையில் ஒட்டுகிறோம்.

இந்தத் தேர்வின் மூலவரான ஆல்ஃபிரட் பினேவுக்கே அந்த எண்ணம் இல்லை. 1905இல் பாரிஸில் அவரும் சிமோனும் இதைத் தயாரித்தது, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தனிக் கவனம் கொடுக்கத்தான். அறிவு கூடவே கூடாது என்று சொன்னவர்களை அவர் 1909இலேயே கண்டித்து எழுதினார். 1911இல் இறந்துபோனார். அதன்பின் தேர்வு அமெரிக்காவில் யார் யார் கைக்குப் போனது, அதை வைத்து யாருக்கெல்லாம் முத்திரை குத்தினார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான கதை.

மேனேஜர் ஒன்றும் கெட்டவர் இல்லை. ஒருமுறைக்கு மேல் ஒருவரைப் பார்ப்பது செலவு, அவ்வளவுதான். அதைச் செலவு என்றே சொல்லியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அதற்கு அறிவியல் என்று பெயர் வைத்ததில்தான் எனக்கு எரிச்சல்.

அன்று நிராகரித்த பட்டியலில் ஒரு பையன், படிவத்தில் 'வேறு குறிப்புகள்' என்ற கட்டத்தில், முந்தின இரவு பெட்ரோல் பங்கில் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராகத் தேர்வுக்கு வந்ததாக எழுதியிருந்தான். கட்-ஆஃபுக்கு இரண்டு மார்க் குறைவு. நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். வியாழக்கிழமை மறுபடி கூட்டம் இருக்கிறது. அஜெண்டாவில் அவன் பெயரைச் சேர்த்திருக்கிறேன்.