முகமூடியும் திருமுகமும்

நன்மை செய்பவன் தன் முகத்தை மறைத்துக்கொள்ளலாமா? நம் சிறுவர்கள் விரும்பிப் பார்க்கும் சாகச நாயகர்களின் கதைகளுக்குள் இந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் படைத்து 1938ஆம் ஆண்டு வெளிவந்த சுப்பர்மேன், வானிற் பறக்காத வேளைகளில் கிளார்க் கென்ட் என்ற பெயருடன், மூக்குக்கண்ணாடி அணிந்த சாதுவான பத்திரிகையாளனாக நடமாடுகிறான். 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கிய ஸ்பைடர்மேன், முகமூடியைக் கழற்றினால் பீட்டர் பார்க்கர் என்னும் வறிய மாணவன். உண்மைக்காகவும் நீதிக்காகவும் போராடுகின்ற இவர்கள், தம்மைப் பற்றிய உண்மையை மட்டும் உலகிற்கு மறைக்கின்றனர். இது அறமா? வெளிவேடமா?

வெளிவேடக்காரர் என்று நாம் மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல், நாடக மேடையிலே வேடமணிந்து நடிப்பவனைக் குறித்ததாகும். இயேசு இச்சொல்லால் கடிந்துகொண்டவர்கள், தெருமுனைகளில் நின்று செபித்தவர்களும் பிறர் காணத் தருமம் செய்தவர்களுமே. அவர்கள் இல்லாத நன்மையை முகத்தில் பூசிக்கொண்டார்கள். சாகச நாயகனோ உள்ள நன்மையை மறைக்கிறான். செய்த உதவிக்கு நன்றியையும் எதிர்பாராமல், மறுநாட் காலையில் சாதாரண மனிதனாக வேலைக்குச் செல்கிறான். மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் கேட்கும் மறைவான தருமத்திற்கு இது மிக அருகில் நிற்கிறது. செய்த சிறு கொடைக்கும் பெயர்ப்பலகை வேண்டுமென்று விரும்பும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு.

ஆனால் கதை இத்துடன் முடிவதில்லை. பீட்டர் பார்க்கர் தான் பெற்ற வல்லமையை முதலிற் பணம் சம்பாதிக்கவே பயன்படுத்தினான். தப்பியோடிய ஒரு திருடனைப் பிடிக்க முடிந்திருந்தும், தனக்கென்ன என்று விட்டுவிட்டான். அதே திருடன் பின்னர் அவனுடைய பெரியப்பா பென்னைக் கொன்றான். அந்தக் குற்றவுணர்வே அவனை நற்பணிக்குத் தள்ளியது. அதன்பின் தன்னை வளர்த்த பெரியம்மா மேயைக் காப்பாற்றுவதாக எண்ணி, அவரிடமே நாள்தோறும் பொய்க்காரணங்கள் சொல்லி வாழ்ந்தான். முகமூடி அணிந்த தன்னைத் தானே படம்பிடித்து, தன்னைத் தூற்றும் பத்திரிகைக்கே விற்றுப் பிழைத்தான். தியாகமும் ஏமாற்றும் ஒரே வீட்டில் குடியிருந்தன.

ஒன்றை மறைப்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல என்பதைப் புனித தோமஸ் அக்குவைனாஸ் தெளிவுபடுத்தியிருக்கிறார். எல்லா உண்மையையும் எல்லாரிடமும் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. விவேகத்தோடு மௌனம் காக்கலாம். ஆனால் பிறரைக் காப்பதற்காகக்கூடப் பொய் சொல்லுதல் முறையன்று. நமது நாயகன் மௌனத்தில் தொடங்கிப் பொய்யில் வந்து நிற்கிறான். இந்த வழுக்குப்பாதையை நாமும் அறிவோம்.

2006ஆம் ஆண்டு வெளிவந்த கதைத் தொடரொன்றில் பீட்டர் பார்க்கர் ஊடகவியலாளர் முன் தன் முகமூடியைக் கழற்றுகிறான். விளைவாக, பகைவர் அனுப்பிய கொலையாளியின் குண்டு அவனது பெரியம்மாவைத் துளைக்கிறது. அவரது உயிரைக் காக்க, 2007இல் வெளியான தொடர்ச்சியில், அவனும் அவன் மனைவியும் தீய சக்தியொன்றுடன் உடன்படிக்கை செய்து தங்கள் திருமணத்தையே விலையாகக் கொடுக்கின்றனர். அவர்கள் மணந்திருந்ததே இல்லாமற்போகிறது. அவன் யாரென்பதையும் உலகம் மறந்துவிடுகிறது. அன்பைக் காப்பதற்கென்று தொடங்கிய இரகசியம், இறுதியில் அன்பையே விலையாகக் கேட்டது. இது கற்பனைதான். ஆயினும், சமூகத்திற்காக உழைக்கிறேன் என்று சொல்லி வீட்டாருக்கு அந்நியராகிப்போன பலரின் வாழ்வு இதில் தெரிகிறது.

முகமூடிக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. முகமற்றவன் எவருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. முகம் மூடிய ஒருவனின் தலையசைப்பினால் மனிதர் இழுத்துச்செல்லப்பட்ட காலத்தை நம் மண்ணின் மூத்தவர்கள் மறந்துவிடவில்லை. மறைந்திருந்து தீர்ப்பிடும் அதிகாரத்தை நல்லவனிடம் கொடுப்பதும் அச்சத்திற்குரியதே.

நம் மீட்பரும் மறைந்து வாழவில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். அவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நாசரேத்தில் அறியப்படாதிருந்தார் என்பது மெய்யே. உருமாற்றத்தைக் கண்ட சீடர்களிடம் உயிர்ப்பு வரை அதைச் சொல்லாதிருக்கப் பணித்தார் என்பதும் மெய்யே. ஆனால் நாசரேத்தின் தச்சர் ஒரு வேடமன்று. கிறிஸ்துவின் மனித உடல் வெறும் தோற்றமே என்று போதித்தவர்களைத் தொடக்கத் திருச்சபை மறுத்தது. 451ஆம் ஆண்டு கூடிய கல்சிதோன் பொதுச்சங்கம், அவர் உண்மையான கடவுளும் உண்மையான மனிதருமானவர், இரு இயல்புகளிலும் ஒரே ஆள் என்று அறிக்கையிட்டது. கிளார்க் கென்ட்டின் மேற்சட்டைக்குள் வேறொருவன் இருக்கிறான். இயேசுவின் பசிக்கும் கண்ணீருக்கும் காயங்களுக்கும் பின்னால் வேறொருவர் இல்லை. உயிர்த்தெழுந்த பின்னரும் அவர் தழும்புகளை மறைக்காமல் தோமையாருக்குக் காட்டினார். அவரது மறைவு, வெளிப்படுவதற்காகக் காத்திருந்த மறைவு.

அப்படியானால் எந்த இரகசியம் நல்லது? யாரிடமிருந்து, யாருடைய நன்மைக்காக மறைக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தால் போதும். ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவானவர் காக்கும் இரகசியத்தைத் திருச்சபை மீறக்கூடாத முத்திரையாகப் போற்றுகிறது. அது குருவின் பெயரைக் காப்பதற்கன்று. மன்னிப்புத் தேடி வந்தவரைக் காப்பதற்கே. அயலவரின் பட்டினியை அறிந்து, பெயர் சொல்லாமல் அரிசியை வைத்துவிட்டுச் செல்பவரின் இரகசியமும் இத்தகையதே. அங்கே காக்கப்படுவது பெறுபவரின் மானம். ஆனால் ஞாயிறு திருப்பலியில் ஒருவர், திங்கட்கிழமை வியாபாரத்தில் வேறொருவர், வீட்டில் மூன்றாமவர் என்று நாம் வாழ்வோமானால், அந்த இரகசியம் காப்பது நம்மை மட்டுமே.

ஆகவே, நம் பிள்ளைகள் இந்தச் சாகசக் கதைகளைப் பார்க்கையில் தடுக்க வேண்டியதில்லை. அருகில் அமர்ந்து, அவன் பெரியம்மாவிடம் பொய் சொன்னது சரியா என்று கேட்போம். அதே கேள்விக்கு நமது இல்லத்தில் நாமும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். நம் நன்மைகள் மறைந்திருக்கட்டும். நாம் மறைந்திருக்க வேண்டாம். இன்றிரவு செபத்திற்குக் கூடும்போது, நம்மை நேசிப்பவர்கள் முன் ஒரே முகத்தோடு அமரும் வரத்தை ஆண்டவரிடம் கேட்போமாக.