கருணை வேண்டாம், களம் வேண்டும்!

ஓர் ஊரிலே விளையாட்டுத் திடல் ஒன்று உண்டென்றால் அத்திடல் அவ்வூரார் அனைவருக்கும் உரியது. செல்வனுக்கும் கூலிக்காரனுக்கும், கற்றவனுக்கும் கல்லாதவனுக்கும் அது பொது. இவ்வுண்மையை மேடையேறி மறுப்பார் எவருமிலர். ஆயினும், குருநகரிலும் நாவாந்துறையிலும் இளவாலையிலும் மன்னாரிலும் மாலைப்பொழுதில் உதைபந்தாட்டம் நடைபெறுந் திடல்களைச் சற்றே நோக்குவோமாக. காலிழந்தோரில், கண்ணொளி அற்றோரில், செவிப்புலன் குன்றியோரில் எத்தனை பேரை நாம் ஆட்டக்களத்தின் நடுவே காண்கிறோம்? எல்லைக் கோட்டிற்கு அப்பால், வேலியோரத்திலே நின்று கைதட்டும் உரிமையை மட்டுமே அவர்களுக்கு வைத்திருக்கிறோம் அல்லவா?

இவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க ஒரு சிலர் என்று யாரும் கருதிவிட வேண்டாம். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதிற்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 பேர், அதாவது ஏறக்குறைய 16 இலட்சம் மக்கள், பார்வையிலோ கேள்வியிலோ நடையிலோ பிறவற்றிலோ ஏதேனும் ஓர் இயலாமையுடன் வாழ்பவர்கள். வடக்கிலும் கிழக்கிலும் எறிகணைக்கும் மிதிவெடிக்கும் அவயவங்களைப் பறிகொடுத்தோர் தொகை சிறிதன்று. போர் 2009இல் ஓய்ந்தது. ஆனால் இழந்த கால் மீண்டும் முளைக்கவில்லை. வீதி விபத்தும் நீரிழிவு நோயும் இன்றும் புதிது புதிதாகக் கால்களைக் கொண்டு போகின்றன. இன்று திடலில் ஓடித்திரியும் இளைஞன் நாளை ஊன்றுகோலை நாடமாட்டான் என்று யார் உறுதி கூறவல்லார்? ஆகவே இது பிறர் பிரச்சினை அன்று. எம் அனைவரின் பிரச்சினை.

இதற்கு ஆட்சியாளரும் ஊர்ப் பெரியோரும் கண்ட பரிகாரம் யாது? ஆண்டுதோறும் டிசம்பர் 3ஆம் திகதி ஒரு விழா. பந்தலிட்டுப் பொன்னாடை போர்த்தி, சிற்றுண்டி கொடுத்து, சக்கர நாற்காலி ஒன்றைக் கையளித்து, அதனைப் படமும் பிடித்துக்கொண்டால் கடமை முடிந்தது! எஞ்சிய 364 நாள்களும் அம்மனிதர் எங்கே விளையாடுவார், யாருடன் விளையாடுவார் என்று கேட்பாரில்லை. உதவி செய்வோரை நாம் குறை கூறவில்லை. ஆனால் கருணை என்பது கொடுப்பவன் மனம் போனபடி வருவது. உரிமை என்பது கேட்பவன் தலைநிமிர்ந்து பெறுவது. இவ்விரண்டிற்குமுள்ள பேதத்தை எமது மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

“உதைபந்தாட்டம் காலால் ஆடும் ஆட்டம்; காலில்லாதவன் அதை ஆடுவதெங்ஙனம்?” என்று சிலர் வினவலாம். விளையாட்டின் விதிகள் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. மனிதர் கூடியிருந்து வகுத்தவை. 1925இல் ‘ஓஃப்சைட்’ விதியைத் திருத்தி, மூன்று எதிராட்டக்காரர் என்றிருந்ததை இரண்டாக்கினார்கள். 1970இல் உலகக் கிண்ண ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரரை முதன்முதலாக அனுமதித்தார்கள். 1992இல் தன் பக்கத்தவன் காலால் அனுப்பும் பந்தைக் காப்பாளர் கையால் எடுக்கலாகாதென்று விதித்தார்கள். சிறுவர்க்குச் சிறிய திடலும் சிறிய பந்தும் கொடுக்கிறார்கள். உடல் நலமுள்ளோருக்காக விதியை மாற்றியபோது அதற்குச் ‘சீர்திருத்தம்’ என்று பெயர். இயலாமையுள்ளோருக்காக மாற்றினால் மட்டும் அதற்குச் ‘சலுகை’ என்று பெயரா? இந்த இரட்டை நியாயத்தை எந்த நீதிமன்றம் ஏற்கும்?

விதியை மாற்றிய நாடுகளில் நடந்திருப்பதைப் பார்ப்போம். காலிழந்தோர் உதைபந்தாட்டத்தில் ஒரு பக்கத்திற்கு ஏழு பேர். களத்தில் ஓடுவோர் அறுவரும் ஒரு காலில், இரு உலோக ஊன்றுகோல்களின் துணையுடன் ஆடுவர். செயற்கைக் கால் அணிந்து ஆட இடமில்லை. காப்பாளர் ஒரு கை இழந்தவராக இருப்பார். அவர் தமது எல்லையை விட்டு வெளியே வரலாகாது. ஊன்றுகோலால் வேண்டுமென்றே பந்தைத் தொடுவது கையால் தொட்ட குற்றத்திற்குச் சமம். ஏறக்குறைய 60 மீற்றர் நீளமும் 40 மீற்றர் அகலமும் கொண்ட திடல் போதும். பாதிக்கு 25 நிமிடமாக இரு பாதிகள். இதற்கு வேண்டிய பொருள்தான் என்ன? ஒரு பந்து, ஊன்றுகோல்கள், சமதரை. இவையும் எமது ஊர்களில் கிட்டாதவையா?

மேற்கு ஆபிரிக்காவின் சியரா லியோன் நாட்டை எடுத்துக்கொள்வோம். 1991 முதல் 2002 வரை அந்நாட்டை உள்நாட்டுப் போர் சூறையாடியது. மக்களின் கைகால்களை வெட்டி வீழ்த்திய கொடுமை அங்கே நிகழ்ந்தது. உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்றான அங்கே, காலிழந்த இளைஞர் ஃபிரீடவுன் நகரிலே சங்கம் அமைத்து, கடற்கரை மணலிலே ஊன்றுகோலுடன் பந்தாடினர். 2007இல் ஆபிரிக்க நாடுகளின் காலிழந்தோர் உதைபந்தாட்டப் போட்டியே அந்நகரில் நடைபெற்றது. போரின் வடுவைச் சுமந்த மற்றொரு நாடாகிய அங்கோலா 2018இல் உலகக் கிண்ணத்தை வென்றது. 2022இல் இஸ்தான்புல் நகரில் அதே அங்கோலாவை இறுதியாட்டத்தில் வென்று துருக்கி கிண்ணத்தைக் கைப்பற்றியது. மிதிவெடியால் எம்மைப்போல் துன்புற்ற அங்கோலா உலகை வெல்லலாம். எமது இளைஞன் தன் ஊர்த் திடலில் இறங்கக் கூடாதா?

இன்னுமொன்று. ஃபீஃபா எனப்படும் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம், ஆண்டின் மிகச் சிறந்த கோலுக்குப் புஸ்காஸ் விருதை வழங்கி வருகிறது. 2022ஆம் ஆண்டிற்குரிய விருதைப் பெற்றவர் போலந்து நாட்டின் மார்ச்சின் ஒலெக்சி. ஒரு காலை இழந்த அவர், ஊன்றுகோல்களின் துணையுடன் உடலை அந்தரத்திலே சாய்த்துப் பந்தை வலைக்குள் அடித்தார். பிரேசிலின் ரிச்சார்லிசன் உலகக் கிண்ணத்தில் அடித்த கோல் அவருடன் போட்டியிட்டு நின்றது. அனுதாபத்துக்காக அவ்விருது வழங்கப்பட்டதென்று சொல்ல எவர்க்குந் துணிவு வராது. அந்தக் கோலைக் கண்டவர் அப்படிச் சொல்லார்.

கண்பார்வை அற்றோரின் ஆட்டமோ இன்னும் வியப்புக்குரியது. பக்கத்திற்கு ஐவர். காப்பாளர் ஒருவரே பார்வையுடையவர். மற்றை நால்வரின் கண்களும் ஒரே சீராகக் கட்டப்பட்டிருக்கும். பந்தினுள்ளே ஒலியெழுப்பும் மணிகள் உண்டு. பந்தை நாடிச் செல்பவர் ‘வோய்’ என்று குரல் கொடுத்தல் வேண்டும். ‘நான் வருகிறேன்’ என்பது அந்த ஸ்பானியச் சொல்லின் பொருள். எதிர்க் கோலின் பின்னே ஒரு வழிகாட்டி நின்று திசை கூறுவார். பந்து ஆட்டத்தில் உள்ளவரை பார்வையாளர் மௌனம் காப்பர். 2004இல் ஏதென்ஸ் நகரில் இவ்வாட்டம் பரா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அன்று தொட்டு ஐந்து முறை தொடர்ந்து பிரேசில் தங்கம் வென்றது. 2024இல் பாரிஸ் நகரிலே, ஈஃபில் கோபுரத்தின் அடியில் அமைந்த அரங்கில், பிரான்ஸ் ஆர்ஜென்டீனாவை வென்று அப்பெருமையைப் பெற்றது. ஆயிரக்கணக்கானோர் மூச்சடக்கி அமர்ந்து பார்வையற்றோரின் ஆட்டத்தைச் செவிமடுத்தார்கள்.

மின்விசை நாற்காலியில் அமர்ந்து, பெரிய பந்தைக் கொண்டு, ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடும் ஆட்டமும் உண்டு. செவிப்புலன் அற்றோருக்கோ நடுவரின் ஊதுகுழலோடு ஒரு கொடியசைவு சேர்ந்தாலே போதும். 1924இல் பாரிஸில் கூடிய அவர்களது முதலாவது உலகப் போட்டியிலேயே உதைபந்தாட்டம் இருந்தது. ஒரு நூற்றாண்டு கழிந்தும் எமது கழகங்களில் ஒரு கொடி ஏறவில்லையெனின், தடையாக இருப்பது அவர்களின் செவியா, எமது மனமா?

இனிச் சட்டத்தின் நிலையை ஆராய்வோம். எமது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமமென்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறப்பிடம் ஆகியவற்றின் பேரில் பாரபட்சம் காட்டலாகாதென விரித்துரைக்கும் அவ்வுறுப்புரை, அந்த நிரலில் இயலாமையைச் சேர்க்க மறந்துவிட்டது. எனினும், இயலாமையுள்ளோரின் முன்னேற்றத்திற்காக விசேட ஏற்பாடு செய்வதைச் சமத்துவம் தடுக்காதென்று அதே உறுப்புரையின் இறுதிப் பகுதி கூறுகிறது. எனவே ‘ஒருவருக்குத் தனி ஏற்பாடு செய்தால் மற்றவர்க்கு அநீதி’ என்னும் வாதம் தொடக்கத்திலேயே தள்ளுபடியாகிறது.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு மேலும் தெளிவானது. பொதுமக்கள் செல்லக்கூடிய எந்தக் கட்டடத்திற்கும் எந்த இடத்திற்கும் இயலாமையின் காரணமாக ஒருவருக்குத் தடையோ நிபந்தனையோ விதிக்கலாகாது என்பது அதன் சாரம். பிரதேச சபையின் திடல் பொதுமக்கள் செல்லும் இடமல்லவா? 2006இல் அணுகு வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் வந்தன. 2011இல் உயர் நீதிமன்றம், புதிதாக எழும் பொதுக் கட்டடங்களில் அவ்விதிகள் கடைப்பிடிக்கப்பட வேண்டுமெனக் கட்டளையிட்டது. 2016இல் இலங்கை அரசாங்கம் ஐக்கிய நாடுகள் சபையின் இயலாமையுள்ளோர் உரிமை உடன்படிக்கையை உறுதி செய்தது. அதன் 30ஆம் உறுப்புரை, பொது விளையாட்டுகளில் பங்குபற்றவும், தமக்கென விளையாட்டுகளை அமைத்து நடத்தவும், பள்ளிப் பிள்ளைகள் மற்றைப் பிள்ளைகளுடன் சமமாக ஆடவும் வழிசெய்வது அரசுகளின் கடமை என்கிறது. உடன்படிக்கை தானாகவே உள்நாட்டுச் சட்டமாகிவிடாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் உலகத்தார் முன் இட்ட கையொப்பத்திற்கு உள்ளூரில் மதிப்பில்லையெனின், அந்த அரசாங்கத்தின் சொல்லை யார் நம்புவர்?

“உண்ண உணவும் செய்யத் தொழிலும் இல்லாதவனுக்கு விளையாட்டு எதற்கு?” என்பார் சிலர். உணவும் வேண்டும், தொழிலும் வேண்டும். இவற்றிற்காக நாம் ஓயாது குரல் கொடுப்போம். ஆனால் உடலுரமுள்ள இளைஞனிடம், ‘முதலில் வேலை தேடு, பின்னர் பந்தைத் தொடு’ என்று எந்தக் கழகமாவது நிபந்தனை விதித்ததுண்டா? மேலும், வீட்டு மூலையில் ஒடுங்கிக் கிடப்பவனுக்கு விளையாட்டு உடல்நலத்தைத் தரும், தோழரைத் தரும், வெளியே வரும் துணிவைத் தரும். அத்துணிவே தொழிலுக்கும் முதற்படி.

“பொருள் எங்கே?” என்பது மற்றொரு வாதம். 2021இல் டோக்கியோவில் ஈட்டி எறிதலில் 67.79 மீற்றர் தூரம் எறிந்து இலங்கைக்குப் பரா ஒலிம்பிக்கின் முதலாவது தங்கத்தை ஈட்டித் தந்தவர் தினேஷ் பிரியந்த ஹேரத். இராணுவத்தில் இருந்து காயமுற்றவர். அவரது திறமையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். பயிற்சியும் திடலும் ஊக்கமும் கிடைத்தால் இந்நாட்டு மனிதன் எவ்வளவு உயர்வான் என்பதற்கு அவரே சான்று. அந்த வாய்ப்பு முல்லைத்தீவில் காலிழந்த கடற்றொழிலாளியின் மகனுக்கும், மொனறாகலையில் விபத்துக்குள்ளான உழவனுக்கும், மலையகத்துத் தோட்டத்தில் பார்வையின்றிப் பிறந்த பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே எமது கோரிக்கை. சீருடை அணிந்தவனுக்கு ஒரு நீதி, அணியாதவனுக்கு வேறொரு நீதி என்பது ஜனநாயகம் ஆகாது.

ஆகவே நாம் வேண்டுவன இவை. முதலாவதாக, மாநகர சபைகளும் பிரதேச சபைகளும் தத்தம் திடல்களின் வாயிலையும் பாதையையும் கழிவறையையும் சக்கர நாற்காலி செல்லத்தக்கவாறு திருத்துதல் வேண்டும். இரண்டாவதாக, உதைபந்தாட்ட லீக்குகள் தம் ஆண்டுப் போட்டி நிரலிலேயே காலிழந்தோருக்கும் பார்வையற்றோருக்கும் செவிப்புலனற்றோருக்குமான ஆட்டங்களைச் சேர்த்தல் வேண்டும். அவர்கள் தனியொரு சங்கத்தின் மூலையில் அல்ல, அதே கழகத்தின் அங்கியை அணிந்து ஆடுதல் வேண்டும். மூன்றாவதாக, நடுவர்க்கும் பயிற்றுநர்க்கும் இவ்வாட்டங்களின் விதிகளைக் கற்பித்தல் வேண்டும். நான்காவதாக, கைதடி நவீல்ட் பாடசாலை போன்ற நிலையங்களின் பிள்ளைகளும் அயற்பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே திடலில் கூடி விளையாட வழி அமைத்தல் வேண்டும். பெண்பிள்ளைகளை இதில் மறத்தலாகாது. ஐந்தாவதாக, இவற்றைத் தீர்மானிக்கும் குழுக்களில் இயலாமையுள்ள ஆட்டக்காரரே அங்கம் வகித்தல் வேண்டும். அவர்களைப் பற்றி அவர்களில்லாமல் முடிவெடுக்கும் வழக்கம் இன்றே ஒழிய வேண்டும்.

கடல் கடந்து வாழும் எமது ஊர்ச் சங்கத்தாருக்கும் ஒரு சொல். கிண்ணத்திற்கும் அங்கிக்கும் சுற்றுப்போட்டிக்கும் வாரி வழங்கும் நீங்கள், அடுத்த முறை அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி ஊன்றுகோலுக்கும் ஒலிப்பந்துக்கும் செலவாக வேண்டுமென்று ஒரு நிபந்தனை விதியுங்கள். அந்த ஒரு வரி பல திடல்களின் வாயிலைத் திறக்கும்.

இறுதியாக, எம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதொன்றுண்டு. உடற்குறையைப் பட்டப்பெயராக்கி அழைக்கும் நாக்கு யாருடையது? விருந்தினர் வரும்போது இயலாத பிள்ளையை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தும் கை யாருடையது? அரசாங்கத்திடம் சமத்துவம் கேட்டு ஊர்வலம் செல்லும் மக்கள், தம் ஊர்த் திடலிலே அதே சமத்துவத்தை மறுப்பாராயின், அவர்களின் முழக்கத்திற்கு வலுவேது? சட்டம் வரட்டும், நிதி வரட்டும். அவை வருமுன்னரே, வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலையில், ஒவ்வொரு கழகமும் தன் ஊரில் விளையாட விரும்பும் இயலாமையுள்ள இளைஞர் யார் யார் என்று வீடு வீடாகச் சென்று கேட்டு, பெயர்களைப் பதிந்துகொள்ளட்டும். அதற்கு எந்த அமைச்சரின் அனுமதியும் தேவையில்லை.