எண்பதில் மலர்ந்த வண்ணங்கள்

பிள்ளைகளின் கல்வியை நாடி ஊர் பெயர்ந்த குடும்பங்கள் எந்நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் வாழ்ந்த தாமஸ் குடும்பத்தார், கறுப்பினத்தவர்க்கு அங்கு நேர்ந்த கொடுமைகளுக்கு அஞ்சி, 1907-இல் வாஷிங்டனில் குடியேறினர். அவர்களுடைய மூத்த மகளே ஓவியர் ஆல்மா தாமஸ்.

1891-இல் பிறந்த அவ்வம்மையார், ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1924-இல் நுண்கலைப் பட்டம் பெற்றார். அத்துறையின் முதற் பட்டதாரி அவரே. பின்னர் 35 ஆண்டுகள் பள்ளி மாணவர்க்குச் சித்திரம் பயிற்றினார். 1960-இல் ஓய்வு பெற்ற பிறகே தமக்கென முழுநேரமும் தீட்டலானார். கீல்வாதம் வருத்தியும் தூரிகையைத் துறந்தாரில்லை. உருவங்களை வரையாது, சன்னலுக்கு வெளியே இலைகளூடே ஆடிய ஒளியையும் மலர்ப் பாத்திகளையும் சிறு சிறு வண்ணத் தீற்றல்களாக, வரிவரியாகவும் வட்டம் வட்டமாகவும் அடுக்கினார்.

1972-இல், தம் எண்பதாம் வயதில், நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் தனிக்காட்சி கண்ட முதற் கறுப்பினப் பெண்மணியானார். 1978-இல் மறைந்த அவருடைய ‘உயிர்த்தெழுதல்’ என்னும் ஓவியம் 2015-இல் வெள்ளை மாளிகையின் உணவுக் கூடத்தை அணிசெய்தது.

குடும்பப் பொறுப்பால் தம் கலையை ஒதுக்கிவைத்த தாய்மாரும் பெரியோரும் நம்மிடையே பலர். பரணில் உறங்கும் வீணையையும் வண்ணப் பெட்டியையும் இன்றே இறக்கி வைக்குமாறு அவர்களை வேண்டுகிறோம்.