தன் பெயர் பெறாத சிறுநாய்

மாட்டுங்காவின் நடைபாதைகளிலும் செம்பூரின் குடியிருப்பு வளாகங்களிலும் வெள்ளை மயிர் அடர்ந்த சிறிய நாய் ஒன்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூரிய முகம், நிமிர்ந்த முக்கோணக் காதுகள், முதுகின்மேல் சுருண்டு படியும் வால், அயலார் காலடியோசை கேட்டதும் ஓயாத குரைப்பு. இவையே அதன் அடையாளங்கள். அது என்ன நாய் என்று கேட்டால், வளர்ப்பவரும் அடுத்த வீட்டாரும் ‘பொமரேனியன்’ என்றே விடை கூறுவர். அவ்விடை பெரும்பாலும் பிழையானது. அந்நாயின் பெயர் இந்தியன் ஸ்பிட்ஸ். நம் நாட்டில் உருவான இச்சிறு நாயினத்தை அதன் சொந்தப் பெயரால் அழைக்க வேண்டும். அதனை முறையாக ஆராய்ந்து நாட்டின் இனப் பதிவேட்டிலும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் இந்நாயின் வரலாற்றைக் காண்போம். ‘ஸ்பிட்ஸ்’ என்பது கூர்மையைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல். கூர்முகமும் அடர்மயிரும் உடைய குளிர்நாட்டு நாய்களுக்கு அப்பெயர் வழங்குகிறது. இக்குடும்பத்தின் ஒரு கிளையே பொமரேனியன். பால்டிக் கடலோரத்தில், இன்று போலந்து, ஜெர்மனி ஆகிய இரு நாடுகளிலும் பரந்து கிடக்கும் பொமரேனியா என்னும் நிலப்பகுதியின் பெயரால் அது அழைக்கப்பட்டது. தொடக்கத்தில் அது இன்றுள்ளது போன்ற மிகச் சிறிய நாய் அன்று. 1888ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசி விக்டோரியா இத்தாலியின் பிளாரன்ஸ் நகரிலிருந்து மார்க்கோ என்னும் சிறிய பொமரேனியனைக் கொண்டுவந்தார். அரசி விரும்பியதைப் பிறரும் விரும்பினர். சிறியவற்றையே தேர்ந்து இனப்பெருக்கம் செய்ததால், தலைமுறைதோறும் அதன் உருவம் சிறுத்தது. இன்றைய பொமரேனியன் ஏறத்தாழ 1.5 முதல் 3 கிலோ எடையே உடைய மடிநாய்.

இந்தியாவுக்கு வந்த கதை வேறு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் ஜெர்மானிய ஸ்பிட்ஸ் நாய்கள் இங்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றின் வழிவந்த குட்டிகளுள் நம் வெயிலையும் மழையையும் தாங்கியவை நிலைத்தன. பல தலைமுறைத் தேர்வுக்குப் பின், மூதாதையரிடமிருந்து வேறுபட்ட ஓர் இனம் உருவாயிற்று. அதில் இரு வகைகள் உண்டு. சிறுவகை 5 முதல் 7 கிலோ எடை உடையது. பெருவகை 12 முதல் 20 கிலோ வரை வளரும். வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வது கடினமாயிருந்த 1980, 1990களில், நகர்ப்புற நடுத்தரக் குடும்பங்களின் செல்ல நாயாக இதுவே விளங்கியது. 1994இல் வெளிவந்து நாடெங்கும் வெற்றி பெற்ற ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ என்னும் இந்தித் திரைப்படத்தில் டஃபி என்னும் பாத்திரமாக வந்த வெள்ளை நாயும் இந்தியன் ஸ்பிட்ஸே. அதனையும் பலர் பொமரேனியன் என்றே எண்ணினர்.

ஓர் இனத்தை அறிந்தேற்பது எப்படி? மொழி முதலில் பேசப்படுகிறது. பின்னரே அதற்கு இலக்கணம் வகுக்கப்படுகிறது. நாயினமும் அத்தகையதே. பெற்றோரின் இயல்புகள் குட்டிகளிடம் மாறாமல் தொடர்ந்து தோன்றும்போது, உயரம், எடை, மயிர், காது, வால், குணம் ஆகியவற்றைக் கணித்து வரையறை எழுதுகின்றனர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கழகம் இந்தியன் ஸ்பிட்ஸைத் தனி இனமாக ஏற்றுள்ளது. அரசின் பதிவேடு வேறு. அதனை அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் பேணுகிறது. 2020ஆம் ஆண்டு அப்பணியகம் தமிழ்நாட்டின் இராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகியவற்றையும் கருநாடகத்தின் முதோல் நாயையும் பதிவு செய்தது. அவை மூன்றும் உயரமான, வேட்டைக்கு உதவிய நாய்கள். சிறுநாய் எதுவும் அவற்றுள் இல்லை.

வேட்டை நாய்க்குக் கிடைத்த சிறப்பு மடிநாய்க்கு எதற்கு என்று சிலர் கேட்பர். ‘அது வெளிநாட்டிலிருந்து வந்ததுதானே’ என்பது அவர்களின் முதல் வாதம். நாம் உண்ணும் வடா பாவை எண்ணிப் பாருங்கள். அதிலுள்ள உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ‘பாவ்’ என்னும் சொல் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தது. ஆயினும் வடா பாவை அயல்நாட்டு உணவு என்று மும்பையில் எவரும் கூறார். மிளகைப் போல் உறைக்கும் காய்க்கு மிளகாய் என்று தமிழர் பெயரிட்டனர். அந்தப் பெயரே அதனை நமதாக்கியது. ஓர் உயிரினம் எங்கிருந்து புறப்பட்டது என்பது அதன் வரலாற்றின் முதல் வரி மட்டுமே. எங்கே வாழ்ந்தது, எப்படி மாறியது என்பன அடுத்த வரிகள்.

‘தெருநாய்கள் ஆதரவின்றித் திரியும்போது இனநாய்க்குப் பதிவு ஏன்?’ என்பது இரண்டாவது வாதம். இது நியாயமான கேள்வி. தெருநாய்க்குட்டி ஒன்றை எடுத்து வளர்ப்பது போற்றத்தக்க செயலே. ஆனால் விலை கொடுத்து நாய் வாங்கவே முடிவு செய்தவர் என்ன வாங்குகிறார் என்பதையும் நாம் பார்க்க வேண்டும். 2003ஆம் ஆண்டு வந்த ஒரு கைபேசி விளம்பரத்திற்குப் பின் பலர் பக் நாயைத் தேடி வாங்கினர். தட்டையான மூக்குடைய அந்நாய் வெப்பத்திலும் ஈரக் காற்றிலும் மூச்சுவிடத் திணறும். பனிநாட்டு ஹஸ்கியும் மும்பையின் புழுக்கத்தில் துன்புறுகிறது. பளபளப்பான அயற்பெயருக்கு மயங்குவோரால் துன்பம் அடைவது வாயற்ற உயிர். இங்கேயே பழகிய சிறுநாய் ஒன்று தன் பெயரோடு அறியப்பட்டால், அத்தகையோருக்கு நல்ல மாற்றாக அமையும்.

எனினும் அறிந்தேற்பில் ஓர் ஆபத்து உண்டு. அதனையும் மறைக்காமல் கூற வேண்டும். இராஜபாளையம் நாயின் தூய வெண்ணிறத்தைப் பலர் விரும்புகின்றனர். நிறத்தை மட்டும் கருதி நெருங்கிய உறவுடைய நாய்களையே இணைத்ததால், அவ்வினத்தில் காது கேளாத குட்டிகள் பிறக்கும் குறை காணப்படுகிறது. இந்தியன் ஸ்பிட்ஸையும் பொமரேனியனைப் போல் மேன்மேலும் சிறிதாக்க முற்பட்டால் அதன் உடல்நலம் கெடும். ஆகவே இன வரையறையில் அழகுக்கு முன்னர் நலத்திற்கு இடம் தர வேண்டும். நன்கு மூச்சுவிடுதல், கேட்டல், ஓடுதல், நம் பருவநிலையைத் தாங்குதல் ஆகியவை முதல் தகுதிகள் ஆதல் வேண்டும். கண்ணைக் கவரும் மயிரும் வாலும் அவற்றின் பின்னரே எண்ணத்தக்கவை.

பெயரில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள் என நம்புகிறேன். திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தவரையும் பாலக்காட்டிலிருந்து மாட்டுங்காவுக்கு வந்தவரையும் இந்நகரம் நெடுங்காலம் ‘மதராசி’ என்னும் ஒரே சொல்லால் அழைத்தது. அவரவர் ஊரும் மொழியும் அச்சொல்லுள் மறைந்துபோயின. மனிதரின் மனவேதனை நாய்க்கு இல்லை. எப்பெயரிட்டு அழைத்தாலும் அது வாலாட்டி வரும். ஆனால் பிழையான பெயரை வழங்கும் நாம், அந்த இனத்தின் உண்மையான வரலாற்றை அறியாமலேயே இருந்துவிடுகிறோம். பொமரேனியனுக்குரிய அளவை இதனிடம் எதிர்பார்த்து, ‘இது கலப்பு, இது போலி’ என்று ஒதுக்குகிறோம். ஒதுக்கப்படும் இனத்தை முறையாக வளர்ப்போர் குறைவர். வளர்ப்போர் குறைந்தால் இனமும் அருகும்.

மாணவர்களே, பதிவேட்டில் சேர்ப்பது அறிஞர்களின் பணி. பெயரைத் திருத்துவது நம்மால் இன்றே இயலும். உங்கள் குடியிருப்பில் அவ்வெள்ளை நாயைக் கண்டால், அதன் காதுகளையும் வாலையும் உருவத்தையும் நன்கு கவனியுங்கள். அதனை வளர்ப்பவரிடம் அதன் எடையைப் பணிவோடு கேளுங்கள். ஐந்து கிலோவுக்கு மேல் என்று அவர் கூறினால், அது இந்தியன் ஸ்பிட்ஸாக இருக்கக்கூடும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அவர் தமிழராயின் தமிழிலும், மராட்டியராயின் மராட்டியிலும் சொல்லுங்கள்.