கைக்கவளம்

சென்ற மார்கழியில் ஒரு நாள், குன்னூரில் மாலை ஐந்து மணிக்கே மூடுபனி வீட்டு வாசற்படி வரையில் ஏறி வந்துவிட்டது. அந்தப் பனியைப் பிளந்துகொண்டு என் பழைய மாணவன் ஒருவன் வந்து நின்றான்.

"ஸார், நாளைச் சாயங்காலம் நம் வீட்டில் ஜப்பான் சாப்பாடு. அம்மா உங்களைக் கையோடு அழைத்து வரச் சொன்னார்கள்" என்றான்.

யோகோஹாமாவில் ஒரு மோட்டார் கம்பெனியில் அவனுக்கு உத்தியோகம். மூன்று வருஷத்திற்குப் பின் விடுமுறையில் வந்திருந்தான். அவனுடைய தாயார் தேயிலைக் கொழுந்து பறித்த கூலியிலேயே அவனைப் பட்டதாரியாக்கியவர். 1964ஆம் வருஷத்துச் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின் பயனாக இலங்கை மலைகளை விட்டு நீலகிரிக்கு வந்து குடியேறிய எத்தனையோ குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று.

ஜப்பான் சாப்பாடு என்றதும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பச்சை மீனைத் தட்டில் வைத்து நீட்டினால் மாணவன் மனம் நோகாமல் எப்படித் தப்புவது என்று இரவெல்லாம் யோசித்தேன். யோசனை வீணாயிற்று. "இங்கே சந்தையில் வாங்கின மீனைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது ஸார். பூஜ்யத்திற்குக் கீழே இருபது டிகிரிக் குளிரில் ஏழு நாள் உறைய வைத்தால்தான் அதிலுள்ள புழுக்கள் சாகும்" என்று அவனே சொல்லிவிட்டான். நம் அவலாஞ்சி ஓடைகளிலே வெள்ளைக்காரர்கள் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீனுக்கும் இதே விதிதான்.

வீட்டில் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டிருந்தான். உட்புறம் அவன் நின்றுகொண்டான். வெளிப்புறத்தில் அவன் பாட்டி, தாயார், தங்கை, நான், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இருவர். இந்தப் பண்டத்திற்குத் தெமாக்கி என்று பெயர். 'தெ' என்றால் கை. 'மாக்கி' என்றால் சுருள். ஜப்பானில் விருந்தினர் வந்தால் வீட்டிலேயே எல்லாவற்றையும் பரப்பி வைத்து, அவரவர் கையால் சுருட்டிச் சாப்பிடுவது வழக்கமாம். இதை மட்டுமே பரிமாறும் நீண்ட பலகைக் கடை 2014இல் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் திறக்கப்பட்டுப் பிரபலமாயிற்று. வீட்டுப் பண்டத்தைக் கடைப் பண்டமாக்குவதில் அமெரிக்கர்களுக்கு நிகர் அமெரிக்கர்களே!

குட்டை அரிசியைக் குழையாமலும் உதிராமலும் வடித்து, அரிசிக் காடி, சர்க்கரை, உப்பு மூன்றையும் கலந்து, விசிறிக்கொண்டே புரட்டினான். உள்ளே வைக்கப் பதார்த்தங்கள்: வெள்ளரிக்காய், உதகைக் காரட், தித்திப்பாகச் சுருட்டிய முட்டை அடை. இவற்றோடு நம் மலைச் சரிவுகளில் காய்க்கிற வெண்ணெய்ப் பழம். இந்தப் பழம் நம் ஊரில் குழந்தைகளுக்குச் சர்க்கரை போட்டுப் பிசைந்து கொடுக்கிற சரக்கு. உப்புச் சோற்றோடு சேரும் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை. சேர்கிறது.

எல்லாவற்றையும் சுற்றுவதற்கு 'நோரி' என்கிற கடற்பாசித் தாள். கரும்பச்சை நிறம்; காகிதம் போல் மெல்லியது; மடித்தால் அப்பளம் போல் நொறுங்க வேண்டும். அதுதான் அதன் உயிர். கடைகளிலே ஒரு சுருளைக் கையில் கொடுத்து, அதைத் தின்று முடித்த பிறகே அடுத்ததைக் கொடுப்பார்களாம். சோற்றின் ஈரம் ஏறிவிட்டால் நோரி தோல் போல் இழுபடும்.

இங்கேதான் குன்னூர் தன் கைவரிசையைக் காட்டிற்று. பொட்டலத்தைப் பிரித்த ஐந்தாவது நிமிஷத்தில் ஜன்னல் வழியே வந்த பனி அத்தனை தாளையும் நமுக்கச் செய்துவிட்டது. பையன் முகம் வாடிற்று. பாட்டி எழுந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே அடுப்பை மூட்டி, ஒவ்வொரு தாளாக அனலுக்கு மேலே இரண்டு புரட்டுப் புரட்டிக் கொடுத்தாள். மறுபடியும் மொறுமொறுப்பு! "மழைக்காலத்து அப்பளத்துக்குச் செய்கிறதுதானே?" என்றாள்.

பிறகு அவள் சொன்ன இன்னொரு வார்த்தை எனக்கு மறக்கவில்லை. "இதுக்கா ஜப்பான் போனே? நான் உனக்கு உருட்டிக் கையிலே போட்டதுதானே இது!"

உண்மைதான். நிலா வெளிச்சத்தில் பாட்டி நடுவில் உட்கார்ந்து கற்சட்டியில் சோற்றைப் பிசைவாள். பிள்ளைகள் அரைவட்டமாகக் கை நீட்டிக்கொண்டு இருப்போம். உருண்டையை வைத்து, கட்டை விரலால் ஒரு குழி செய்து, அதில் குழம்பு விடுவாள். முதல் உருண்டை முடிந்தால்தான் இரண்டாவது. லாஸ் ஏஞ்சல்ஸ்காரர் காசு வாங்குகிறார், பாட்டி வாங்கவில்லை. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஒரு பழங்கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயதில், ஒரு தோட்டத்துப் பங்களாவில் நடந்த விருந்துக்குத் தகப்பனார் அழைத்துச் சென்றார். முள்கரண்டியை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் கையால் சோற்றை எடுத்தேன். எதிரே இருந்த கனவான், நம்மவர்தான், தம் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என் விரல்களில் பல வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தது. கல்லூரி விடுதியில் கூடக் கரண்டி இல்லாவிட்டால் பசியில்லை என்று எழுந்துவிடுவேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே எடோ நகரத்துத் தெருக்கடைகளில் ஜனங்கள் நின்றபடி சூஷியைக் கையால் எடுத்துத் தின்றார்கள் என்பதும், இன்றும் ஜப்பானில் அதைக் கையால் உண்பது மரியாதைக் குறைவல்ல என்பதும் அன்று எனக்குத் தெரிந்திருந்தால், அந்தக் கனவானுக்கு ஒரு பதிலாவது சொல்லியிருப்பேன்.

நோரியின் சரித்திரமும் சுவையானது. ஜப்பானியச் செம்படவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அதைப் பயிரிட்டும், அதன் விதை கோடைக்காலத்தில் எங்கே போய் ஒளிகிறது என்பதை அறியவில்லை. விளைந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் பட்டினி. இந்த ரகசியத்தைக் கண்டவர் காத்லீன் ட்ரூ என்ற ஆங்கிலப் பெண்மணி. மான்செஸ்டர் சர்வகலாசாலையில் ஆசிரியையாக இருந்த அவர், மணம் செய்துகொண்டதனால் வேலையை இழந்தார். மணமான பெண்ணுக்கு உத்தியோகம் இல்லை என்பது அந்நாளைய விதி. சம்பளமில்லாமலே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். பாசியின் வித்து சிப்பி ஓட்டினுள் புகுந்து, இளஞ்சிவப்பு இழைகளாக வளர்ந்து, பிறகே புதுப் பாசியாகிறது என்று 1949இல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டார். அதைக் கொண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள் சில வருஷங்களிலேயே விதை உண்டாக்கும் முறையை வகுத்தார்கள். 1957இல் காலமான அந்த அம்மையார் ஜப்பானைக் கண்ணால் கண்டதில்லை. செம்படவர்கள் 1963இல் ஊட்டோ என்னும் ஊரில் கடலை நோக்கி அவருக்கு ஞாபகச் சின்னம் எழுப்பி, ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் தேதி விழாக் கொண்டாடுகிறார்கள். இதைக் கேட்டதும் தங்கை, "வேலையை விட்டு நீக்கியவர்கள் பெயர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா, ஸார்?" என்றாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள். வீட்டிலே அவள் கல்யாணப் பேச்சு அடிபடுகிறது என்பதை நான் அறிவேன்.

கடற்பாசி நமக்கும் அந்நியமல்ல. ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் சிநேகிதர் வீட்டிலிருந்து வருகிற கடற்பாசி இனிப்பை ருசிக்காதவர் யார்? அதற்கு மூலமான அகர் என்னும் பசைதான் பரிசோதனைச் சாலைகளில் கிருமிகளை வளர்க்கும் தட்டுகளிலும் இருக்கிறது. 1881இல், ஜெர்மனியில் காக் என்ற மேதையின் சோதனைச் சாலையில் வேலை செய்த ஒருவருடைய மனைவி, ஃபானி ஹெஸ்ஸே, தம் சமையலறை அனுபவத்தைக் கொண்டு சொன்ன யோசனை அது. 1907 முதல் நம் குன்னூரில் நடைபெறும் பாஸ்டர் நிலையத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த அம்மாளின் அடுப்படி ஞாபகம் வருகிறது.

மன்னார் வளைகுடாவில், இராமநாதபுரக் கரையிலே, மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பிடுங்குகிறார்கள். 1986இல் அங்குள்ள தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு அவர்கள் தீவுகளின் அருகே போகத் தடை. பவளப் பாறையைக் காக்க வேண்டியதுதான், மறுப்பார் இல்லை. ஆனால் பாட்டி காலத்திலிருந்து இறங்கிய கடலில் திருடியைப் போல் இறங்க நேர்ந்த பெண்ணுக்கு, தடை போட்டவர்கள் வேறு என்ன வழி காட்டினார்கள்? ஜப்பானிலே பாசிக்கு விழா; இங்கே பாசி எடுப்பவளுக்கு அபராதம்.

"நம்மிடமிருந்து அவர்கள் ஏதாவது கற்றுக்கொண்டார்களா?" என்று கேட்டேன். மாணவன் சிரித்துக்கொண்டே ராஷ் பிஹாரி போஸின் கதையை எடுத்தான். 1915இல் பிரிட்டிஷாருக்குத் தப்பி ஜப்பான் சேர்ந்த அந்தத் தேசபக்தரை, டோக்கியோவில் நகாமுராயா என்ற ரொட்டிக்கடைக் குடும்பம் ஒளித்து வைத்துக் காப்பாற்றியது. 1918இல் அவ்வீட்டுப் பெண்ணையே அவர் மணந்தார். 1927இல் அவருடைய முயற்சியால் அந்தக் கடையில் அசல் இந்தியக் குழம்பும் சோறும் பரிமாறத் தொடங்கினார்கள். போஸ் 1945இல் காலமானார். குழம்பு இன்றும் விற்பனையாகிறது. மாணவன் யோகோஹாமாவில் முதல் சம்பளம் வாங்கியதும் ரயிலேறிப் போய் அதைச் சாப்பிட்டானாம். "எப்படி இருந்தது?" என்றேன். "காரம் போதாது ஸார். ஆனாலும் கண்ணில் தண்ணீர் வந்தது."

பேச்சு சுவாரஸ்யத்தில் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டேன். அவனுடைய தாயார் தமக்குக் கொடுத்த சுருளைத் தட்டிலே வைத்துவிட்டு, எல்லாரும் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தார். முப்பது வருஷத்துப் பழக்கம். நோரி தோலாகிக்கொண்டிருந்தது. மாணவன் அந்தத் தட்டை மெதுவாக எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். பாட்டியிடம் புதுத் தாள் ஒன்றை வாங்கி, சோறு பரப்பி, வெண்ணெய்ப் பழமும் முட்டையும் வைத்துச் சுருட்டினான். மேஜைக்கு இந்தப்புறம் வந்து, தேயிலைக் கறை போகாத அந்த விரல்களுக்கு நடுவே அதை வைத்தான்.

"உடனே சாப்பிடணும் அம்மா. இது காத்திருக்காது."

அந்த அம்மாள் எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு கடித்தார். அந்த நொறுங்கும் சப்தம் மேஜையின் மறுகோடியில் இருந்த எனக்கும் கேட்டது.