பந்தியின் கடையில் தமிழ்

திசம்பர் பிறந்ததும் மயிலையிலும் தியாகராயர் நகரிலும் இசைமன்ற வாயில்கள் கூட்டத்தால் நிறைகின்றன. உள்ளே சென்று அமர்ந்து பாருங்கள். விரித்துப் பாடும் நடுப்பாட்டு பெரும்பாலும் தெலுங்கு, இன்றேல் வடமொழி. மத்தளத்தின் தனிமுழக்கு தொடங்கியதும் அவையில் ஒரு பகுதி சிற்றுண்டிச் சாலைக்கு எழுந்துவிடும். (அடையின் மணம் அப்படி!) அதன்பின் களைத்த தொண்டையில் தமிழ்ப்பாட்டு இரண்டு. அவற்றுக்குத் 'துக்கடா' என்று பெயர்!

தெலுங்கின்மேல் நமக்குப் பகையில்லை. தியாகையர் பாட்டு இனியதே. நாம் கேட்பது நம் வீட்டில் நமக்குரிய இடம். சீர்காழி முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் திருவாரூர் மூவர்க்கும் முன்னவர்கள். கவிராயரின் இராம நாடகம், பெயருக்கேற்பக் கதை முழுவதையும் பெரிதும் பாட்டால் நடத்திச் செல்வது. இன்றோ அதிலிருந்து ஒரு பாட்டை உருவியெடுத்து இறுதியில் ஒட்டுகின்றனர். கதையும் போயிற்று, களமும் போயிற்று.

இவ்விழாக்காலம் 1927இல் சென்னையில் கூடிய பேராயக் கட்சி மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் வழி வந்தது. பதினான்கு ஆண்டிலேயே, 1941இல், அண்ணாமலை அரசர் தமிழிசை மாநாடு கூட்ட நேர்ந்தது. 1943இல் தமிழிசைச் சங்கம் எழுந்தது. அச்சங்கம் ஆண்டுதோறும் விழா எடுக்கிறது. ஓதுவார்கள் பண்ணோடு தேவாரம் பாடுகின்றனர். மேடையைக் குறைகூறும் நம்மில் எத்தனை பேர் அங்குப் போய் அமர்ந்தோம்?

இவ்வாண்டு எந்த மன்றத்துக்குச் சென்றாலும், அரங்கு தொடங்குமுன் பாடகர்க்கு ஒரு துண்டுத்தாள் அனுப்புங்கள்: "நடுப்பாட்டு தமிழில் வேண்டும்." பெயரும் ஊரும் எழுதிக் கையொப்பமிடுங்கள்.