செருத் தணிந்த சுவடு
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

சொல் ஒன்று, பொருள் பல. இலக்கிய வகுப்பில் இது இன்பம்; மருத்துவச் சீட்டிலோ இதுவே துன்பம்!

சென்ற ஆடிக் கிருத்திகைக்கு முந்திய வாரம் எங்கள் தெருவில் கருவுற்றிருந்த அக்கா ஒருவர் மடித்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். “தம்பி, நீ காலேஜுல படிக்கிற புள்ள. இதுல என்ன போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லுப்பா” என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே, தெருவுக்கே மனு எழுதுபவனும் சீட்டுப் படிப்பவனும் நானே.

‘எச்.ஐ.வி. ஆன்டிபாடி: நான்-ரியாக்டிவ்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. யாரோ ஒருவர் அதில் பின்பாதியை மட்டும் உரக்கப் படித்துவிட்டாராம். இரண்டு இரவுகள் அக்கா உறங்கவில்லை. கணவரிடமும் வாய் திறக்கவில்லை. “உங்களுக்கு ஒன்றும் இல்லை அக்கா” என்றேன். “அப்போ ரியாக்டிவ்னு ஏன்பா போட்டான்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

இரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீரைச் சீரம் என்கிறோம், தமிழில் ஊநீர். திரிந்த பாலில் தெளியும் நீருக்கு இலத்தீன் மக்கள் இட்ட பெயரே அது. உடலுக்குள் பகை நுழைந்தால் அதை எதிர்க்க உருவாகும் புரதங்கள் இந்த ஊநீரில் இருக்கும். அவையே ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள். தேடிய எதிர்ப்பொருள் இருந்தால் ‘சீரோ பாசிட்டிவ்’, இல்லையேல் ‘சீரோ நெகட்டிவ்’. சொல்லின் பொருள் இவ்வளவே!

நம் ஊருக்குச் செருத்தணி என்றொரு பழம்பெயர் உண்டு. செரு என்றால் போர்; முருகனின் போர்ச்சினம் தணிந்த மலை என்பது அதன் பொருள். எதிர்ப்பொருளும் போரின் சுவடுதான். அந்தச் சுவட்டைக் கொண்டு மட்டும் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று சொல்லிவிட முடியாது. மஞ்சள் காமாலை ‘பி’ வகைக்குத் தடுப்பூசி போட்டவருக்கு அதன் எதிர்ப்பொருள் ‘பாசிட்டிவ்’ என வந்தால் அது காப்பு. மகிழ வேண்டிய செய்தி. எச்.ஐ.வி.யிலோ அதே சொல் தொற்று உண்டு என்பதற்கு அறிகுறி. அங்கும் ஒரு சோதனையோடு முடிவு கட்டுவதில்லை. வேறு சோதனைகளாலும் உறுதி செய்கிறார்கள். தொற்றிய சில வாரங்கள் வரை எதிர்ப்பொருள் தென்படாமலும் போகலாம். தாயின் எதிர்ப்பொருள் பிள்ளையின் இரத்தத்தில் 18 மாதம் வரை தங்கக்கூடும். அதனால் பிள்ளைக்கும் தொற்று என்று பொருளாகாது.

இச்சொல்லின் இந்திய வரலாறு நமக்கு அண்டையில்தான் தொடங்கியது. 1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா பெண்கள் சிலரின் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அவற்றை இரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோய், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் எதிர்ப்பொருள் இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை நாடு அறிந்தது அப்போதுதான். ஊநீரில் கண்டது ஒரு புரதத்தை. ஊரார் கண்டதோ ஒரு குற்றத்தை! அன்று முதல் ‘பாசிட்டிவ்’ என்பது இரத்தத்தின் குறிப்பாக இல்லாமல் மனிதரின் பட்டப்பெயர் ஆகிவிட்டது.

இன்று நிலைமை வேறு. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். அதை ஒழுங்காக உட்கொள்பவர் நெடுநாள் வாழ்கிறார். தொற்றுள்ளவரை ஒதுக்குவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மருந்து வந்தது, சட்டமும் வந்தது. சொல்லின் மீது படிந்த கறை மட்டும் போகவில்லை.

என் கருத்து இதுதான். சோதனைச் சீட்டு ஒவ்வொன்றிலும் ‘இச்சொல்லுக்குப் பொருள் இன்னது’ என்று தமிழில் ஒரு வரி அச்சிட வேண்டும். எல்லையோரமான நம் பகுதியில் தெலுங்கிலும் ஒரு வரி வேண்டும். “தமிழில் எழுதினால் அண்டை வீட்டார் படித்துவிட மாட்டார்களா?” என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்விதான். முடிவைத் தமிழில் எழுதச் சொல்லவில்லை நான்; சொல்லின் பொருளை, எல்லாச் சீட்டிலும் ஒரே மாதிரியாக எழுதச் சொல்கிறேன். முடிவைத் தனியறையில் வாயால் விளக்குவதே முறை. அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் அதற்கென்றே ஆலோசகர் இருக்கிறார். கூசாமல் அங்கே போகலாம் என்பதை நாமே வீடுதோறும் சொல்லலாம்.

நண்பர்களே! தேர்வுத்தாளில் ‘எதிர்ப்பொருள் என்றால் என்ன?’ என்பதற்கு ஐந்து மதிப்பெண் விடை எழுதிவிடுகிறோம். அதையே நம் தெருவில், நம் தாய்மாருக்குப் புரியும் சொல்லில் விளக்க முடிந்தால்தான் நாம் படித்தவர்கள். அக்காவுக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நாளை அவள் படித்துத் தன் சீட்டைத் தானே வாசிப்பாள். அதுவரை வாசித்துச் சொல்வது நம் கடன்.